எழுதாத மௌனம்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போதே எக்ஸ்ரேவுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். நாலு மணிக்கு நாடகம். மேடையில் ஏறப்போவது அவர் இல்லை. ஏறப்போகிற அவர் மனைவியோ தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டு எழுவாள். இவருக்கு ஒரு வாய் இறங்காது.

"நடிக்கிறவ நான். பயப்படுறவர் நீங்க. நல்ல பொருத்தம் பாத்து வச்சாங்க" என்பாள்.

குழுவில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரேதான். மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறவர் என்பதால் மட்டுமல்ல, ஆளும் அப்படித்தான். சட்டையைக் கழற்றினால் எலும்பை எண்ண மெஷின் வேண்டாம் என்று கேப்டன் கிண்டல் செய்வார். கேப்டன் என்றால் கப்பலும் இல்லை, பட்டாளமும் இல்லை. டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். நாடகங்களை இயக்குவதும் அவர்தான். ஒத்திகையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவருடைய வலது கால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரேக்கின்மேல் இருக்கும்.

எக்ஸ்ரேவின் வேலை, கறுப்புத் துணி மறைப்புக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, நடிப்பவர்கள் வசனத்தை மறந்தால் மெல்ல எடுத்துக்கொடுப்பது. "வீட்டுல அக்கா எடுத்துக் குடுக்க அண்ணன் பேசறாரு. இங்க அண்ணன் எடுத்துக் குடுக்க அக்கா பேசறாங்க. சரிக்குச் சரி" என்பான் விளக்குப் போடுகிற மீசை. பெயரில்தான் மீசை, முகத்தில் மருந்துக்குக்கூடக் கிடையாது.

மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் அந்தக் கூடம். அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், கொஞ்சம் கூட்டம் வந்தால் கடையிலிருந்து விற்காத நாற்காலிகளும் மேலே ஏறும். மாதம் ஒரு முறை நாலு குறுநாடகங்கள். எல்லாம் இப்போது எழுதுகிறவர்கள் எழுதியவை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். சிலவற்றில் ஒரே ஆள் வந்து நின்று தன்பாட்டுக்குப் பேசிவிட்டுப் போவார்.

முதன்முதலாக எக்ஸ்ரே அங்கே போனது மனைவியை வண்டியில் திருப்பி அழைத்துவர. சீக்கிரமே போய்விட்டதால் பின்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் ஒருவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். வேலைக்கான நேர்காணலுக்கு என்ன பேசவேண்டும் என்று சொல்லிக்கொண்டே கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். பன்னிரண்டு நிமிடம். விளக்கு அணைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஒண்ணுமே நடக்கலையே? இதுக்கா தட்டுறாங்க?" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். இரவு கை கழுவும்போதுதான் உறைத்தது. ஈரக் கையோடு வந்து நின்றார். "அவன் எங்கேயும் போகப்போறதில்ல, இல்லையா? அந்த நேர்காணல் என்னைக்கோ முடிஞ்சு போச்சு."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "பரவாயில்லையே. எலும்புக்குள்ள மூளையும் இருக்கு போல."

அன்று பிடித்தது பைத்தியம். ஸ்டேப்ளர் பின் அடித்த நாடகப் பிரதிகளை வாங்கிக்கொண்டு போய் மதிய இடைவேளையில் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து படிப்பார். பெரிய நாடகம் புகைப்படம் மாதிரி; ஆளின் நிறம், உடுப்பு, பின்னால் இருக்கும் சுவர் எல்லாம் தெரியும். குறுநாடகம் தான் எடுக்கும் எக்ஸ்ரே படம் மாதிரி என்று நினைத்துக்கொள்வார். முகம் தெரியாது. எங்கே விரிசல் விட்டிருக்கிறதோ அது மட்டும் தெரியும். ஒரே ஆள் பேசும் நாடகத்தில் கூடுதலாக ஒன்று: பதில் சொல்லவேண்டிய ஆள் மேடையில் இல்லை. பார்க்கிறவனே அந்த ஆளாக மாறவேண்டியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு பதில் சொல்லவேண்டியிருக்கிறது. இதையெல்லாம் வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்வார்.

இவ்வளவு ரசனை உள்ளவர்தான் போன வருடம் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அக்கா தங்கை இருவர் வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொள்ளும் நாடகம். நடுவில் அக்கா, "அம்மா கடைசியா யார் பேரைச் சொன்னாங்க?" என்று கேட்பாள். தங்கை பேசாமல் நிற்பாள். அக்காவாக நடித்தவள் எக்ஸ்ரேவின் மனைவி. தங்கையாக நடித்தவள் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். மறந்துவிட்டாள் என்று எக்ஸ்ரேவுக்கு நிச்சயமாகப் பட்டது. "உன் பேரைத்தான்க்கா" என்று எடுத்துக்கொடுத்தார். பதற்றத்தில் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. ஒரு நொடி கழித்துக் கூடமே சிரித்தது.

எழுதியவள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண், முப்பது வயது இருக்கும். நாடகம் முடிந்ததும் முக்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். திட்டவில்லை. "நான் எழுதினதுலயே நல்ல இடம் அதுதான் சார். அதைச் சாப்பிட்டுட்டீங்க" என்றாள். மனைவி மூன்று நாள் பேசவில்லை. கேப்டன் மட்டும் தோளில் தட்டி, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா லைசென்ஸ் ரத்து" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எக்ஸ்ரேவுக்குச் சிரிப்பாக இல்லை.

அதன்பிறகு அவர் மௌனங்களை எண்ணத் தொடங்கினார். அது அவருக்குத் தெரிந்த வேலைதான். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எண்ணி எண்ணிப் பழகியவர். ஒத்திகையில் ஒவ்வொரு மௌனத்தையும் எண்ணிப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்தார். இங்கே நாலு. இங்கே ஆறு. எண் தாண்டினால்தான் மறதி; அதுவரை எழுதினவளின் சொத்து, தொடக்கூடாது.

இந்த மாத நாடகம் அதே பெண் எழுதியது. மனைவிக்கென்றே எழுதியது. ஒரு விதவை, இறந்துபோன கணவனின் தொலைபேசி இணைப்பை நிறுத்துவதற்காக வாடிக்கையாளர் சேவைக்கு அழைக்கிறாள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேசவேண்டும் என்று அந்தப் பக்கம் சொல்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கடைசியில் அவள், "அவரே பேசணுமா? ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலிருக்கும் காலி நாற்காலியை நோக்கிப் போனை நீட்டுகிறாள். நீட்டிக்கொண்டே இருக்கிறாள். பிறகு போனைக் காதில் வைத்து, "அவரு பேசமாட்டேங்கிறாரு" என்கிறாள்.

அந்த மௌனத்துக்கு எக்ஸ்ரே எழுதி வைத்திருந்த எண் பதினொன்று. ஒத்திகையில் ஒருமுறைகூடப் பதினொன்று பன்னிரண்டாகவில்லை.

எக்ஸ்ரேவின் அக்காவுக்கு இந்த நாடகமே பிடிக்கவில்லை. "கட்டினவன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்ப, செத்துட்டான்னு மேடையில நின்னு சொல்லுவாளா ஒருத்தி?" என்று போனில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

"குத்துக்கல்லா இருந்தா ஏன் அண்ணி சொல்லப்போறேன்? கல்லாவது அசையாம இருக்கும்" என்று மனைவி அடித்த பதிலில் அக்கா போனை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி தூங்கவில்லை. தலை லேசாக வலிக்கிறது என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். "இன்னைக்கு உங்க பயம் எனக்குத் தொத்திக்கிச்சு" என்று சிரித்தாள். அவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

நாடகம் நாலே காலுக்குத் தொடங்கியது. அறுபது நாற்காலியும் நிறைந்து கடை நாற்காலிகளும் வந்திருந்தன. எக்ஸ்ரே மனைவிக்கு இடப்பக்கம், நாலடி தூரத்தில் துணிக்குப் பின்னால். காலி நாற்காலி அவளுக்கு வலப்பக்கம். ஆகையால் நீட்டும்போது அவள் முகம் அவரைவிட்டுத் திரும்பிவிடும். காது, கன்னத்தின் ஓரம், கொண்டை, இவ்வளவுதான் தெரியும்.

அருமையாக நடித்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு சொல்றீங்க, அப்புறம் பாட்டைப் போட்டு விட்டுடறீங்க" என்ற இடத்தில் கூடம் சிரித்தது. அடுத்த வரியில் அந்தச் சிரிப்பை அப்படியே வாங்கி மடித்து வைத்தாள். எக்ஸ்ரே பென்சிலைப் பிடித்தபடி உதட்டசைவில் கூடவே போய்க்கொண்டிருந்தார்.

"அவரே பேசணுமா? ஒரு நிமிஷம் இருங்க."

போனை நீட்டினாள். எண்ணினார். ஐந்து. எட்டு. கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. பதினொன்று.

பன்னிரண்டு.

பதின்மூன்று. இன்று கூட்டம் நன்றாக அமைந்ததால் இழுக்கிறாளோ? பதினைந்து. இழுக்கக்கூடியவள்தான். வாயைத் திறந்துவிட்டு, அது அவள் வேண்டுமென்றே நிறுத்தியதாக இருந்தால்? பதினெட்டு. சாப்பிட்டுட்டீங்க என்ற குரல் காதுக்குள் கேட்டது. பத்தொன்பதில் போன் அவள் கையிலிருந்து விழுந்தது.

பிரதியில் போன் விழாது.

கூடத்தில் யாரோ "ஆ" என்று மூச்சுவிட்டார்கள். ரசித்துவிட்ட மூச்சு. எக்ஸ்ரே வரியை எடுத்துக்கொடுத்தார், காற்றாக: "அவரு பேசமாட்டேங்கிறாரு." எடுத்துக்கொடுத்தால் அரை நொடியில் பிடித்துக்கொள்பவள். "அவ... அவ..." என்றாள். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. மறுபடி கொடுத்தார். அவள் திரும்பினாள்.

நடிப்பவர்கள் எடுத்துக்கொடுப்பவர் பக்கம் திரும்பவே மாட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. திரும்பிய முகத்தில் வலப்பக்க உதடு, கழன்ற கொக்கியிலிருந்து தொங்கும் திரையாக இறங்கியிருந்தது. இத்தனை நேரம் அவர் கண்ணுக்குப் படாமல் இருந்த பக்கம் அது. கண் மட்டும் அவளுடையது. அந்தக் கண் அவரைவிடப் பயந்திருந்தது.

ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டுவரும் எத்தனை முகங்களைப் பார்த்திருக்கிறார். ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

துணியை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினார். அவள் சரிவதற்குள் தோளைப் பிடித்தார்.

கூடம் சிலிர்த்தது. அவர்கள் பார்த்தது இதுதான்: காலி நாற்காலியை நோக்கிப் போனை நீட்டினாள், போன் விழுந்தது, செத்துப்போன கணவன் இருட்டிலிருந்து வந்துவிட்டான். சாம்பல் நிறச் சட்டை, ஒட்டிய கன்னம், எலும்பும் தோலுமாக. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்றார் எக்ஸ்ரே. குரல் உடைந்துபோய் வந்தது. "நிஜமாத்தான் சொல்றேன். இவளுக்கு உடம்புக்கு முடியலை."

யாரும் எழவில்லை. எல்லா முகமும் அவரையே பார்த்தன, கனிவோடு, கண்ணீரோடு. போன மாத நாடகம் ஒன்றில் பார்வையாளர் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து "நிறுத்துங்க, எனக்கு நெஞ்சு வலிக்குது" என்று கத்தினார். நாலு பேர் தண்ணீர் பாட்டிலோடு ஓடினார்கள். அவரும் நடிகர் என்று தெரிந்து வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். சூடு கண்ட பூனைகள் இப்போது அசையுமா?

"நாடகம் இல்லைங்க!" என்று கத்தினார். அவர் கத்தக் கத்த அது நல்ல நாடகமாகிக்கொண்டே போனது. பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். மீசை, எழுதாத இடத்தில் ஒரு பேரழகு நடந்துகொண்டிருப்பதாக நினைத்து, மற்ற விளக்குகளைத் தணித்துவிட்டு அவர்கள் இருவர்மேலும் ஒரே ஒரு வெளிச்ச வட்டத்தைக் குவித்தான். வெளிச்சம் கண்ணில் அடித்ததில் எக்ஸ்ரேவுக்குக் கூடமே மறைந்துபோனது. இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து கைதட்டல். மடியில் மனைவியின் தலை, கல்லாய்க் கனத்தது. அவளுடைய வலது கையைப் பிடித்து அழுத்தினார். திருப்பி அழுத்தவில்லை. இப்படியே போய்விடுவாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கவே போய்விடுவாள், கைதட்டி அனுப்பிவைப்பார்கள் என்று தோன்றியது.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி தடாலென்று சாய்ந்தது.

"நான் இதை எழுதலை!"

அந்த இன்சூரன்ஸ் பெண். ஆரம்பத்தில் ஆத்திரத்தில்தான் எழுந்தாள் என்று பின்னால் அவளே சொன்னாள். இந்த மனுஷன் மறுபடியும் கெடுத்துவிட்டானே என்று. இரண்டடி வந்தவள் மேடையிலிருந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். சட்டென்று கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, தொண்டை கிழியக் கத்தினாள். "இதுல புருஷன் கிடையாது! போன் விழாது! ஒரு வரிகூட நான் எழுதினதில்ல! எந்திரிங்க! லைட்டைப் போடு மீசை!"

கைதட்டல் பாதியில் அறுந்தது. எழுதியவளே சொன்னபிறகுதான் அந்தக் கூடம் நம்பியது. பிறகு ஒரே கலவரம். கடைசி வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். கேப்டன் படியில் இரண்டிரண்டாக இறங்கிப்போய் டிரைவிங் ஸ்கூல் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நாலு பேர் தூக்கினார்கள். வாழ்நாளில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத கேப்டன் அன்று சிவப்பு விளக்குகளைப் பார்க்கவே இல்லை. பின்சீட்டில் மனைவியின் தலையைத் தாங்கியபடி எக்ஸ்ரே, "பேசு, ஏதாவது பேசு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "அவ..." என்றாள். மறுபடி "அவ..." அந்த வரியையே முடிக்கப் பார்க்கிறாளோ என்று அவருக்குத் தோன்றியது.

அவர் வேலை பார்க்கும் மருத்துவமனைதான். ஸ்கேன் அறை வாசலில், கூட வேலை பார்க்கும் பையன் கையைப் பிடித்து, "நீங்க வெளியில உட்காருங்க சார்" என்றான். இருபத்தாறு வருடமாகத் தான் மற்றவர்களுக்குச் சொன்னதைத் தனக்கே ஒருவன் சொல்லக் கேட்டார். உட்கார முடியவில்லை. மூளையில் ரத்தக்கட்டி. சீக்கிரம் வந்ததால் அதைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். பிழைத்துவிடுவார், பேச்சும் நடையும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்லமுடியாது என்றார் டாக்டர்.

"டாக்டர், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பதினொண்ணுலயே தெரிஞ்சிருக்கணும். நான் பத்தொன்பது வரைக்கும் சும்மா இருந்துட்டேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கியதும், "எட்டு நொடியா? எட்டு நொடியில ஒண்ணும் கெட்டுப்போகாது சார். போய் டீ குடிங்க" என்றார். எக்ஸ்ரே தலையாட்டினார். நம்பவில்லை.

நாலு மாதத்தில் அவள் கைத்தடியோடு நடந்தாள். பேச்சு வந்தது, வேகம் மட்டும் வரவில்லை. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் தேடினாள். கெட்டுப்போனவர் எக்ஸ்ரேதான். அவள் ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், சமையலறையிலிருந்து ஓடிவருவார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா... உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்காராத. பேசு."

"பேசறதுக்கு... என்ன இருக்கு? இருபது வருஷமா... பேசாதேன்னு... சொன்னவருதானே?"

வேலையிடத்திலும் அப்படித்தான். "மூச்சைப் பிடிங்க" என்று சொன்னதும் எதிரே நிற்பவரின் நெஞ்சு அசையாமல் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவசரமாக "விடுங்க, விடுங்க" என்பார். இரண்டு படங்கள் கலங்கிப்போயின.

ஐந்தாவது மாதம் அவளே கேட்டாள். "ஞாயித்துக்கிழமை... கூட்டிட்டுப் போங்க. பாக்கத்தான்."

மாட்டேன் என்றால் நடந்தே போவாள். கூட்டிப்போனார். படியேறியதும் மீசை ஓடிவந்து, "அக்கா, அன்னைக்கு நான் லைட்டை..." என்று தொடங்கி அழுதுவிட்டான். "வட்டம்... நல்லா இருந்துச்சுன்னு... சொன்னாங்க" என்றாள் அவள்.

முதல் நாடகம் ஒரு பேருந்து நடத்துநரைப் பற்றியது, நன்றாகச் சிரிக்கவைத்தது. இரண்டாவதில் ஒரு இளம்பெண் தனியாக வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையை வேறு யாரோ கூட்டிப்போய்விட்டதாக ஆசிரியையிடம் சொல்ல ஆரம்பித்தாள். "அவன் என்ன சட்டை போட்டிருந்தான்னா..." என்று நிறுத்தினாள். நினைவில்லாத தாயாக அப்படியே நின்றாள். எக்ஸ்ரேவுக்குப் பிரதி தெரியாது. இந்த மௌனத்துக்கு அவரிடம் எண் இல்லை. ஐந்து. ஒன்பது. அவளுடைய உதட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பதினான்கு. எழுந்து வெளியே வந்துவிட்டார்.

தாழ்வாரத்தில் மரச்சாமான் கடையின் வார்னிஷ் வாசம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவுக்குப் பின்னால் இன்னமும் சத்தமில்லை.

கதவு திறந்தது. கைத்தடி, அப்புறம் வலது கால், அப்புறம் அவள்.

"நல்ல இடத்துல... எந்திரிச்சு வந்துட்டீங்க."

"என்னால முடியலம்மா. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது..."

"ஒண்ணும் ஆகலை. நடிக்கிறா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் யோசித்தாள். வார்த்தை தேடுகிறாளா, யோசிக்கிறாளா என்று அவருக்கு இப்போதெல்லாம் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. தொண்டை வரைக்கும் வந்த "பேசு"வைப் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டு நின்றார்.

"தெரியாதுதான்" என்றாள் கடைசியில். "வாங்க. பக்கத்துல... உக்காந்து பயப்படுங்க."

அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால். பிடி இன்னும் தளர்வாகத்தான் இருந்தது. இருவரும் சத்தம் வராமல் கதவைத் தள்ளிக்கொண்டு இருட்டுக்குள் போனார்கள். மேடையில் அந்தப் பெண் இன்னும் பேசாமல்தான் நின்றுகொண்டிருந்தாள்.